மல்லி என்றால் பூ

வலியசாலை,
திருவனந்தபுரம்.
திங்கட்கிழமை காலை

அன்புள்ள மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் உன் அண்ணன் மகேஷ்குமாரும் சேர்ந்து, எனக்கு மூக்கு போய்விட்டது, கூடவே புத்தியும் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக் கேஸ் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். இது அநியாயம். நான் பிரான்ஸில் இருக்கிறேன், கழற்றியது அண்ணியின் தம்பி ஷைஜு என்று சொல்லி நீ தப்பிக்க வேண்டாம். ஸ்பானர் அவன் கையில் இருந்தது. உத்தரவு உன் வாயிலிருந்து வந்தது.

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி பழையபடிதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இதையெல்லாம் ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ, "அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்று குறுக்கே வருவாய். கடிதத்துக்குக் குறுக்கே வர உன்னால் முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஜெயித்துவிட்டேன். எப்படி என்பதுதான் மீதிக் கடிதம்.

என்மேல் நீங்கள் சாட்டிய குற்றம் இரண்டு. ஒன்று, பால் கரிந்தது. நான் முன்னறையில் உட்கார்ந்து உன்னோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த உன் அண்ணி பிஜி அடுக்களையில் புகையைப் பார்த்துக் கத்தினாள். பால் சட்டி அடிபிடித்துக் கறுத்திருந்தது. இத்தனை நாற்றத்தையும் அறியாமல் அப்பா உட்கார்ந்திருந்தார் என்று அவள் மகேஷிடம் சொல்ல, மகேஷ் உன்னிடம் சொன்னான். அதற்கான பதிலைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது உனக்கு மட்டும்.

இரண்டாவது, நீ அனுப்பிய சென்ட்.

பிஜியின் பிறந்தநாளுக்கு உன் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டாயே, அந்த பிரெஞ்சு சென்ட். அதன் பெயர் இன்றுவரை எனக்கு வாயில் வரவில்லை. மகேஷ் ஒரு விதமாகச் சொல்கிறான், பிஜி வேறு விதமாகச் சொல்கிறாள், இரண்டும் தப்பாகத்தான் இருக்கும். கனமான கண்ணாடிக் குப்பி, வெளிறிய ரோஸ் நிறத்தில் டப்பா. டப்பாவின் மேல் என்னென்ன பூ என்று இங்கிலீஷில் போட்டிருந்தான். தையல் மெஷின் கம்பெனிகள் அனுப்பும் விளக்கப் புத்தகங்களைப் படித்துப் படித்துத்தான் நான் இங்கிலீஷ் கற்றேன் என்பது உனக்குத் தெரியும். ஜாஸ்மின் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழக்கூட்டத்தில் மகேஷின் ஃபிளாட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பிஜி மணிக்கட்டில் அடித்தாள். டப்பா கை மாறிக்கொண்டே இருந்தது. மகேஷ் டப்பாவைப் பார்த்துவிட்டு அவள் கையை முகர்ந்து, "ஜாஸ்மின்! அப்படியே ஜாஸ்மின்!" என்றான். ஷைஜுவும் டப்பாவைப் பார்த்துவிட்டு, "முல்லப்பூ தன்னே" என்றான். என் முறை வந்தது. எனக்கு டப்பா மறுபடி வரவில்லை, கைதான் வந்தது. முகர்ந்தேன். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம். அதற்குப் பின்னால், சாலைக் கடைத்தெருவில் சபர்ஜில்லி என்று விற்கிற பேரிக்காய், நன்றாகப் பழுக்காதது. பூ இல்லை. நான் உள்ளதைச் சொன்னேன்: "இதுல மல்லி எங்க இருக்கு? மல்லி வாசமே வரலியே."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிஜி மட்டும் மெதுவாக, பிள்ளையிடம் கேட்பதுபோல, "அப்பாவுக்கு மல்லி வேணுமா?" என்று கேட்டாள். "எனக்கு வேணும்னு இல்லம்மா. டப்பால போட்டிருக்கான்லா? அப்ப வரணும்லா?" என்றேன். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. பிஜி கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். எதற்குக் கலங்குகிறாள் என்று விளங்காமல் நான் பாயசம் குடித்தேன்.

அன்றைக்கே மகேஷ் உன்னைக் கூப்பிட்டான். அதன்பின் நடந்தது உனக்குத் தெரியும். "அப்பா சென்ட்டில் கொத்தமல்லி தேடுகிறார்" என்று நம் குடும்பக் குழுவில் நீதான் எழுதினாய், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகளும் போட்டு. தென்காசியில் இருக்கும் உன் அத்தைவரை சிரித்துவிட்டார்கள். கொத்தமல்லி என்று நான் எங்கே சொன்னேன்? சிரிப்பதற்காக நீயாகக் கட்டிவிட்ட கதை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுச் சண்டை போடுவது என் கௌரவத்துக்குக் குறைவு என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஷைஜு வந்தான். "அப்பா ஒண்ணும் விசாரிக்கண்ட, சுஜா சேச்சி சொல்லிட்டுண்டு" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே அடுப்பையும் சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றினான். பதிலுக்கு ஒரு கரண்ட் அடுப்பு வைத்தான். தொட்டால் கீச்சென்று கத்துகிறது. நம் வீட்டு இரும்பு தோசைக்கல் அடியில் வளைந்ததல்லவா, அதை வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. மாதம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும், சுஜாவும் அதையேதான் சொல்கிறாள் என்றான் மகேஷ். நான் வந்தபின் இந்த வீட்டை ஒரு பாத்திரக்கடைக்காரர் குடோனுக்குக் கேட்டிருக்கிறாராம். நான் உயிரோடு இருக்கும்போதே என் கட்டில் கிடக்கும் இடத்தில் அண்டாவை அடுக்கப் பார்த்தீர்கள்.

இதோடு இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. பிஜி கொடுத்தனுப்புகிற சாப்பாட்டில் எல்லாம் கொத்தமல்லித் தழை. சாம்பாரில், மீன்குழம்பில், கடலைக்கறியில், மோரில். ஒருநாள் உப்புமாவே கண்ணுக்குத் தெரியவில்லை, தழைதான் தெரிந்தது. உனக்கே தெரியும், எனக்குக் கொத்தமல்லி ஆகாது. மருமகள் என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு வேளையும் தழையைப் பொறுக்கி டப்பாவின் மூடியில் குவித்துத் திருப்பி அனுப்பினேன். அவளும் விடவில்லை. மறுநாள் இன்னும் கூடுதலாக வரும்.

நான் யோசித்தேன். தையல் மெஷின் சரியில்லை என்று ஒருவர் என்னிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்தால், நின்றுபோன மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். என் மூக்கு சரியில்லை என்கிறார்கள். மூக்கையும் ஓடவிட்டுப் பார்ப்போம், அந்தச் சென்ட்டையும் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று கழக்கூட்டத்துக்குப் போனேன். பிஜியிடம் கைக்குட்டையை நீட்டி, இதில் கொஞ்சம் அடித்துக் கொடு என்றேன். அவள் சந்தோஷமாக அடித்தாள். மகேஷ் லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற முகத்தோடு மறுபடி குனிந்துகொண்டான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கழக்கூட்டத்தில் ஏறும்போது பழைய நார்த்தங்காய்தான். காரியவட்டம் தாண்டும்போது நார்த்தங்காய் ஓய்ந்து பேரிக்காய் மட்டும் நின்றது. ஸ்ரீகாரியத்தில் வழக்கம்போல வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. டீசல் புகையில் எதுவும் தெரியவில்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். உள்ளூர் என்கிற நிறுத்தம் வந்ததும் எடுத்தேன். பேரிக்காய் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் பச்சையாக ஒரு வாசம், ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரும் மொட்டு, இன்னும் வாய் திறக்காத மொட்டு. பட்டம் வரைக்கும் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பட்டம் சிக்னலில் பஸ் நின்றது. மல்லி விரிந்தது.

சுஜா, சத்தியமாகச் சொல்கிறேன், சாயங்காலம் பூக்காரி கூடையைத் திறந்தால் எப்படி அடிக்குமோ அப்படி. பாளையம் தாண்டும்போது மல்லியோடு நிலசம்பங்கியும் சேர்ந்துகொண்டது, கல்யாண மாலையில் வருகிற கனத்த வாசம். எனக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்பூப்பா, இன்னு ஆருடெ கல்யாணமா?" என்று கேட்டான். "எண்டெ தன்னே" என்றேன். பஸ்ஸே சிரித்தது. தம்பானூரில் இறங்கும்போது நான் இளவட்டம்போலக் குதித்து இறங்கினேன். முழங்கால் அதற்கப்புறம்தான் ஞாபகப்படுத்தியது.

அந்தச் சென்ட்டைச் செய்தவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், ஒன்றை முன்னால் அனுப்பி ஒன்றைப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறான். பழம் போய்த்தான் பூ வருகிறது. அடித்த உடனே முகர்ந்தவனுக்குப் பழம்தான் கிடைக்கும். அன்றைக்கு மல்லி இல்லை என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் மல்லி இல்லை. இருக்கிறது என்று சொன்னவர்கள் டப்பாவைப் படித்துவிட்டுச் சொன்னார்கள். யாருக்கு மூக்கு இல்லை, நீயே சொல்.

மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன். மல்லி அடங்கியிருந்தது. வெயிலில் காய்ந்த வேட்டியின் வாசம், கொஞ்சம் சந்தனம், அதற்கும் அடியில் வாடிய பூ. ராத்திரி முழுக்கத் தலையில் இருந்த சரத்தைக் காலையில் எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி வைப்பாளே உன் அம்மா, அந்தப் பூ. இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே பிஜிக்கு ஃபோன் செய்து, ஒரு கைக்குட்டையில் சென்ட்டை அடித்து மூடி வைக்கச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்றேன். நேற்று மத்தியானம் நான் போனபிறகு இன்னொரு கைக்குட்டையில் புதிதாக அடிக்கச் சொன்னேன். இரண்டையும் மேஜையில் வைத்து மகேஷையும் ஷைஜுவையும் கூப்பிட்டேன். எது எந்தச் சென்ட் என்று சொல்லுங்கள் என்றேன். மகேஷ், "என்னப்பா இது வெளயாட்டு, சாப்பிடலாம் வாங்க" என்றான். சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது என்று உட்காரவைத்தேன்.

புதிதை முகர்ந்துவிட்டு ஷைஜு, "இது ஆரஞ்சு மிட்டாய்" என்றான். பழையதை முகர்ந்துவிட்டு, "இது கொள்ளாம், நல்ல சந்தன சோப்பு" என்றான். மகேஷ் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தான். சோப்பு வாசம் வருவது ஏதோ விலை குறைந்தது, மற்றதும் சுஜா அனுப்பினது இல்லை, அதில் ஜாஸ்மின் எங்கே என்று கேட்டான். கேட்டான் சுஜா! என் வாயில் அன்றைக்கு வந்த கேள்வி, இன்றைக்கு அவன் வாயில். நான் பிஜியைப் பார்த்தேன். அவள், "ரெண்டும் ஒண்ணுதான், ஒரே குப்பி" என்றாள். ஷைஜு மறுபடி முகர்ந்தான். மகேஷ் டப்பாவைத் தேடினான். "டப்பாவ விடுல, மூக்கால பாரு" என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

அதோடு நிறுத்தவில்லை. "அன்னைக்கு மல்லி இல்லன்னு நான் சொன்னது சரியா தப்பா?" என்று கேட்டேன். அதற்குள் அடுக்களைக்குப் போயிருந்த பிஜி அப்போதுதான் குழம்புச் சட்டியோடு திரும்பி வந்தாள். இன்னொரு கையில் நறுக்கின கொத்தமல்லித் தழை. என் தட்டில் தூவப் போனவள் அப்படியே நின்றாள். தழையைத் தூக்கிக் காட்டி, "அப்பா, மல்லின்னா… இது அல்லே மல்லி?" என்றாள்.

மலையாளத்தில் மல்லி என்றால் கொத்தமல்லி. அது எனக்குத் தெரியாததா? கடைத்தெருவில் மலையாளத்தில் பேசும்போது நானே பூவை முல்லப்பூ என்றுதான் கேட்பேன். ஆனால் நம் வீட்டுக்குள் மல்லி என்றால் பூ. கொத்தமல்லியை நாம் முழுப் பெயரும் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளோ, அப்பா பாவம், சென்ட்டில்கூடக் கொத்தமல்லி தேடுகிறார், அந்த வாசம் கிடைக்காமல் தவிக்கிறார் என்று நினைத்து, வாசம் தெரியட்டும் என்று நாளுக்கு நாள் கூடுதலாகப் போட்டிருக்கிறாள். நான் தழையைப் பொறுக்கித் திருப்பி அனுப்பியதைப் பார்த்து, இதுவும் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் போட்டிருக்கிறாள். "மல்லின்னா முல்லப்பூவோ! எண்டம்மோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். ஷைஜு தழையைக் காதில் செருகிக்கொண்டு ஆடினான். நானும் சிரித்தேன். அடுப்பு போனதிலிருந்து நேற்றுதான் சிரித்தேன்.

பிஜிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் சேர்த்தலையில் பிறந்தவள், அவளுக்கு அது தழைதான். எனக்கு வருத்தம் உங்கள் இரண்டு பேர்மேலும்தான். அவள் கொத்தமல்லி என்று புரிந்துகொண்டு சொன்னால், என் வயிற்றெரிச்சலே, உங்கள் அம்மா நாச்சியார் பெற்ற பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் அதை எப்படி அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள்? நீ சிரிக்கிற பொம்மை போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், அப்பா பூவைச் சொல்லியிருப்பாரோ என்று உனக்குத் தோன்றவில்லையா?

இதையே மகேஷிடம் கேட்டேன். மல்லி என்று நான் சொன்னது உன் காதிலும் விழுந்ததே, உனக்குமா தழை என்று கேட்டேன். அவன் கைக்குட்டையை மடித்து மேஜையில் வைத்தான். பிறகு, "அம்மா போனப்புறம் நம்ம வீட்ல யாருப்பா பூவப் பத்திப் பேசுனா?" என்றான். ஆனால் தோற்றது அவன்தான் என்பதில் மாற்றம் இல்லை. அவனே ஒத்துக்கொண்டான். அடுப்பைத் திருப்பித் தருகிறேன், ஃபிளாட்டுக்கு வர வேண்டாம், ஆனால் சுஜாவும் சம்மதிக்கணும் என்று சொன்னான். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இனி, பால் கரிந்ததற்குப் பதில்.

அன்றைக்குப் பால் அடிபிடிக்கிற வாசம் எனக்கு முதலிலேயே வந்துவிட்டது. பொங்கி வழிந்து தீயில் விழுந்த வாசமும் வந்தது. நீ அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? அங்கே பனி கொட்டுகிறது, ஜன்னல் திறந்து நாளாகிறது, எந்த வாசமும் இல்லாத ஊர் அப்பா இது என்றாய். உன் குரல் சரியாக இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். உன்னுடைய அப்புறம் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும். பால் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

ஆகவே இனி நடக்க வேண்டியது இது. வெள்ளிக்கிழமைக்குள் அடுப்பும் சிலிண்டரும் இங்கே வந்து சேர வேண்டும். மகேஷ் தன் கையால் தூக்கிக்கொண்டு வர வேண்டும், ஆளை அனுப்பக் கூடாது. ஷைஜு கூட வந்து புது ட்யூப் மாட்டி, சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்துவிட்டு, அந்தக் கீச்சுக் கீச்சு அடுப்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். குடோன்காரரிடம் வீடு இல்லை என்று மகேஷ் சொல்ல வேண்டும், அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லாமல் தானே சொல்ல வேண்டும். பிஜி கொத்தமல்லியை நிறுத்த வேண்டும். ரசத்தில் மட்டும், அதுவும் கொஞ்சமாக, அனுமதிக்கிறேன். வாரா வாரம் நான் சாலைக் கடைத்தெருவிலிருந்து பூ வாங்கிக் கொண்டுபோவேன். அவள் வைத்துக்கொள்ள வேண்டும், மகேஷ் அதை என் கையிலிருந்து வாங்கும்போது அதன் பெயரைத் தமிழில் சொல்லி வாங்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது. எந்தக் குழுவில் சிரித்தாயோ அதே குழுவில், அப்பா சொன்ன மல்லி பூ என்று எழுத வேண்டும், பொம்மை இல்லாமல். உன் அத்தை படித்தாளா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். உனக்குச் சம்மதம் என்று மகேஷிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுப்பேன், நீ அவசரப்பட்டு வைக்க வேண்டியதில்லை. சீக்கிரம் ஒருதரம் வந்துவிட்டுப் போக வேண்டும். வரும்போது சென்ட் கொண்டுவராதே. தலையைப் பின்னிக்கொண்டு வா, போதும். பூ நான் வாங்கி வைக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அங்கே பனி விட்டதும் முதல் காரியமாக ஜன்னலைத் திற.

மூக்கும் புத்தியும் உள்ள
உன் அப்பா,
வேலாயுதன்